பதினொரு சிவப்புக் குடுவைகள்

என் மாமி மகளே, என் பர்ஹானாவே,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கபுறடியில் நின்று இந்த ஸலாத்தைச் சொல்ல எனக்கு வழியில்லை. நம் ஊரில் மையத்துகளை அடக்கும் மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. போன வெள்ளிக்கிழமை மதிலுக்கு வெளியே தெருவில் நின்று, பஸ் சத்தத்துக்கு நடுவே வாய்க்குள் சொல்லிவிட்டு வந்தேன். உனக்குக் கேட்டதா?

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் விடுகிறேன். யாரும் வாசிக்கட்டும். உன்னைப் பற்றிச் சொன்னதையும் ஊர் கேட்கத்தானே சொன்னார்கள். "நற்பிட்டிமுனைப் புள்ள ஒண்டு லாப்புல கள்ள ரிசல்ட் காட்டிப் பிடிபட்டுட்டாவாம்" என்று கல்முனையில் கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் என் காதுபடப் பேசினார்கள். சொன்னவருக்கு உன் பெயர்கூடத் தெரியாது. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. உனக்குத் தெரிந்ததையும் இதில் எழுதுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாதே என்பதற்காக. உனக்குத் தெரியாத ஒன்றிரண்டும் இருக்கிறது. அவற்றைத்தான் எழுதக் கை வரவில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பட்டம். நீ இரசாயனத்தில் மேற்படிப்பு ஆய்வுக்குத் தெரிவானாய். அதே ஆய்வுகூடத்தில் எனக்குக் கிடைத்தது தற்காலிக உதவியாளர் வேலை. கருவிகளை ஓட்டுவது, குடுவை கழுவுவது, பதிவு வைப்பது. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தவறு செய்தவர்களில் நானும் ஒருத்தி, என் பெயர் கீழே இருக்கும், அது போதும்.

நீ செய்த வேலையை உன் வாப்பாவுக்கு விளங்கப்படுத்தியது ஞாபகமிருக்கிறதா? வயலால் வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தபடி கேட்டார்.

"தங்கத்தக் கொண்டு போய் நீங்க என்னத்துக்கு மகள் கரைக்கிறீங்க?"

"தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னனாப் போனா நிறம் மாறும் வாப்பா. உருண்டையா இருந்தாச் சிவப்பு. கோல் மாதிரி நீட்டா இருந்தா வேற நிறம். அந்தக் கோல் வெளிச்சத்தப் புடிச்சிச் சூடாகும். நோய்க்கு மருந்தாப் பாவிக்கேலுமா எண்டு கன நாட்டுல பாத்துக்கிட்டிரிக்காங்க."

"கோலாக்கிறதுக்கு அச்சு வெச்சிரிக்கீங்களா?"

"அச்சு இல்ல வாப்பா. சவர்க்காரம்."

மாமா சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. உன் முந்தானையை எடுத்துச் சுட்டுவிரலைச் சுற்றி இறுக்கி, நுனியை மட்டும் வெளியே விட்டுக் காட்டினாய். "இந்தச் சவர்க்காரச் சாதிச் சாமான் தங்கத்துட பக்கமெல்லாம் இப்பிடிப் போய் ஒட்டிக்கும். பக்கத்தால வளரேலா. நுனி மட்டும்தான் துறந்திரிக்கும். அதால நுனியால நுனியால வளந்து நீளும்."

அதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை. அந்த வெள்ளைத் தூளுக்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. ஆய்வுகூடத்தில் நாம் சீடாப் என்போம். தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் சவர்க்காரம் போலவே நுரைக்கும். குளிரூட்டியைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் கட்டிபட்டுப் போகும். அதனால் நீ ஆட்கள் திட்டினாலும் குளிரூட்டியை நிறுத்திவிட்டு, வியர்வை ஒழுக ஒழுக வேலை செய்தாய்.

நான்கு மாதம் உருண்டைகளே வந்தன. ஐந்தாவது மாதத்தில் ஒரு காலை, குடுவையில் நிறம் எழும்பியதை நான் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லாத தண்ணீர். பத்து நிமிடத்தில் ஒரு புகைச்சல். பிறகு மண்ணிறமும் நாவற்பழத்தோலின் நிறமும் கலந்த ஒரு நிறம். நீ என் கையை நகம் பதியப் பிடித்தாய். நான் அதில் கொஞ்சம் எடுத்து ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியில் வைத்தேன். திரையில் கோடு ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சத் தூரம் போய், முதலாவதைவிட உயரமாக, இன்னொரு முறை ஏறி இறங்கியது. அந்த உச்சியை முடி என்போம். இரண்டு முடி என்றால் கோல். ஒரு முடி என்றால் உருண்டை. அந்தக் கருவியை ஓட்டியது என் கை, பர்ஹானா. அதற்குப் பிறகும் ஐந்து தடவை ஓட்டியது.

கொழும்புக்கு அனுப்பி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுப்பித்த படம் வந்தது. அதை மாமாவிடம் காட்டினாய். "இது நம்மட நெல்லு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். நம் ஆய்வுகூடத்துப் பேராசிரியர் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைக் கதவில் ஒட்டினார். கட்டுரை போனது. உன் பெயர் முதலில்.

அப்போது என் மனதில் இருந்ததை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போகிறோம். நீ கதவில் ஒட்டின படம், நான் குடுவை கழுவுகிறவள். உன்னை வாழ்த்தினேன்தான். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் இன்னும் சில அளவீடுகள் கேட்டார்கள். அதற்குள் பழைய சீடாப் போத்தல் முடிந்துவிட்டது. புதுப் போத்தல் வேறொரு கம்பனியிலிருந்து வந்தது. அதே வெள்ளைத் தூள், அதே பெயர், லேபலில் அதே தூய்மை. நீ செய்தாய். சிவப்பு. மறுபடி செய்தாய். சிவப்பு. தண்ணீரை மாற்றினாய், குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்தாய், தங்க உப்பைப் புதிதாகக் கரைத்தாய். மாதுளைச் சாறு போல, பார்க்க அழகான, ஒன்றுக்கும் உதவாத சிவப்பு.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, உன் குறிப்பைப் பார்த்து என்னைச் செய்யச் சொன்னார். பதினொரு தடவை செய்தேன். பதினொரு குடுவையும் சிவப்பு. அவற்றை வரிசையாக யன்னல் ஓரத்தில் வைத்திருந்தார்கள், யாரும் வந்து பார்க்கலாம் என்பதுபோல. நீ காலையில் உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"மச்சி, இந்தச் சீடாப்புல என்னவோ இரிக்கி" என்று நீ என்னிடம் சொன்னாய்.

"ஒரே சாமான்தானே புள்ள. லேபலப் பாரு."

"லேபல் எழுதினவன் சோதிச்சா எழுதினான்? எனக்கு இன்னொரு போத்தல் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிரிக்கன்."

அந்தப் போத்தல் வரவில்லை. விசாரணை வந்தது. பழைய படங்கள் வேறு எங்கிருந்தோ எடுத்தவை என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று பேர் கொண்ட குழு. பேராசிரியர், நிலையத்தின் பணிப்பாளர், வெளியிலிருந்து ஒருவர். ஒரு நாள் குறித்தார்கள். அவர்கள் பார்க்க நீ கோல்களை உண்டாக்கிக் காட்ட வேண்டும்.

அந்த நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே உனக்குக் காய்ச்சல். மாமி ரத்தம் சோதிக்கச் சொன்னா. நீ விசாரணை முடிந்த பிறகு போகிறேன் என்றாய். காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது உன் முகம் வெளுத்துக் கிடந்தது.

"இன்னொரு நாள் கேப்பமே. காய்ச்சல் எண்டு சொன்னா விளங்கிக்குவாங்க" என்றேன்.

"பின்போட்டாப் பயந்துட்டா எண்டுதான் சொல்லுவாங்க. இப்ப காய்ச்சல் விட்டிட்டுகா. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். உண்மையாகவே சூடு இல்லை. உள்ளங்கை மட்டும் ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் சொன்னார். விஞ்ஞானம் படித்த இரண்டு பேர் நாம், நுளம்பு பெருகின மாதம், நம் தெருவிலேயே நான்கு வீட்டில் டெங்கு. நமக்கு ஏன் தெரியாமல் போனது?

அவர்கள் மூன்று பேரும் கதிரை போட்டு இருந்தார்கள். நீ நின்றபடி செய்தாய். தங்க உப்பை விடும்போது கை நடுங்கி உன் விரலில் ஊற்றுப்பட்டது. கையுறையில் ஒரு கிழிசல் இருந்திருக்கிறது, நீ கவனிக்கவில்லை. பணிப்பாளர் உன் நடுக்கத்தைப் பார்த்து மற்றவரைப் பார்த்தார். பிறகு எல்லாரும் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணித்தியாலத்தில் நிறம் வந்தது.

சிவப்பு.

"சேர், இந்தப் போத்தலில் ஏதோ கலந்திருக்கிறது. பழைய போத்தலில் ஒரு கரண்டி இருந்தால் இப்போதே காட்டுவேன்" என்றாய்.

"போத்தல் மேல் பழியைப் போடாதீங்க பிள்ளை" என்றார் வெளியிலிருந்து வந்தவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எல்லா நாளும் இங்கே இருந்தவர். அந்தக் கோல்கள் உண்டானதை நீங்கள் கண்டீர்களா?"

நீ என்னைப் பார்த்தாய். ஆறுதலோடு பார்த்தாய். ஒரு வழியாகச் சரியான ஆளிடம் கேட்டுவிட்டார்கள் என்பது போல.

என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் தாள் பணிப்பாளரின் மேசையில் கிடந்தது. அதை மட்டும் காரணமாகச் சொன்னால் அதுவும் பாதிப் பொய். யன்னல் ஓரத்துச் சிவப்புக் குடுவைகளைப் பார்த்துப் பார்த்து, நான் கண்டதை நானே சந்தேகப்படத் தொடங்கியிருந்தேன். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. நீ விழுவதைப் பார்க்க என்னில் ஒரு மூலைக்கு இதமாக இருந்தது.

"நிறம் மாறினதக் கண்ட ஞாபகம் சேர். கோல்தான் எண்டு நிச்சயமாச் சொல்லேலா."

அவர் எழுதிக்கொண்டார். நீ கண்ணை எடுத்துவிட்டாய். கையுறையைக் கழற்றி, குடுவையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாய்.

திரும்பும் பஸ்ஸில் நீ என்னோடு சண்டை பிடிப்பாய் என்று காத்திருந்தேன். நிந்தவூர் கழியும்வரை யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "தண்ணி இரிக்கா?" என்று கேட்டாய். கொடுத்தேன். போத்தல் முழுவதையும் குடித்தாய்.

"நாளைக்கு ரத்தம் சோதிக்கப் போறன். வாறியா மச்சி?"

"நாளைக்கு லாப்புல வேல இரிக்கி."

வேலை ஒன்றும் இருக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அது. நான் உனக்குக் கடைசியாகச் சொன்ன பதிலும் அது.

மறுநாள் பின்னேரம் வயிற்றுக் குத்து என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தாய். டொக்டர்மாரும் தாதிமாரும் தங்களால் ஏலுமானதையெல்லாம் செய்தார்கள். மாமா கதிர் அறுவையை அப்படியே விட்டுவிட்டு வயற்சேறு காயாத சாரத்தோடு ஓடி வந்தார். அடுத்த நாள் நடுப்பகல் ளுஹர் பாங்கு சொன்னதற்குக் கொஞ்சம் பிந்தி, நீ போய்விட்டாய். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்.

உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் இருந்தேன். மாமிதான் என்னைக் கூப்பிட்டா. "அவட கூட்டாளி நீதான். நீ தண்ணி வாரு" என்றா. அவவுக்கு ஒன்றும் தெரியாது.

குளிப்பாட்ட வந்த ஆயிஷா ராத்தா உன் வலது கையைத் தூக்கியவர், அப்படியே நின்றார். இரண்டு விரல் கரும் ஊதாவாக இருந்தது. தங்க உப்புப் பட்ட தோல் ஒரு நாளில் அப்படித்தான் ஆகும்.

"என்ன மகள் இது? மருதோண்டியா, நகப்பூச்சா? தோல்ல தண்ணி படோணும். மூடிக்கிட்டிருந்தாக் குளிப்பு நிறைவேறாது" என்று தேய்க்கத் தொடங்கினார்.

"தேய்க்காதீங்க ராத்தா. மேல பூசினதில்ல. தோலுக்குள்ள ஊறினது. தண்ணி படும்."

"என்ன சாமான்?"

"தங்கம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மாமி உன் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "அவ அதத்தான் வேலையாச் செஞ்சவ" என்றா. நான் தண்ணீர் வார்த்தேன். சவர்க்கார நுரை உன் விரலில் வழிந்து போனது. நிறம் போகவில்லை. அப்படியேதான் வெள்ளைக் கபன் துணிக்குள் வைத்தோம்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நான் வேலைக்குப் போனேன். யன்னல் ஓரத்துக் குடுவைகளை நானே கழுவி வைத்தேன்.

நாற்பது நாள் கழிந்து மாமி உன் பையைத் தந்தா. "இது ஒங்கட லாப்புப் பொத்தகம். கொண்டு போய் ஒப்படைச்சிரு" என்றா. பஸ்ஸில் அதைத் திறந்தேன். ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் எந்தப் போத்தல் என்று எழுதியிருந்தாய். 'போத்தல் ஒன்று முடிந்தது' என்று ஒரு பக்கத்தில். அடுத்த பக்கத்தில் 'போத்தல் இரண்டு திறந்தது'. அதுவரை கோல், அதற்குப் பிறகு உருண்டை. கடைசிப் பக்கத்தில், விசாரணைக்கு முதல் நாள் தேதி போட்டு, காய்ச்சலில் சரிந்த எழுத்தில் ஒரே ஒரு சொல். அயடைட்டு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

சீடாப்புக்குள் இருக்க வேண்டியது புரோமைட்டு. அயடைட்டு அதன் உறவுக்காரன் மாதிரி, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தங்கத்தைப் பிடித்தால் இலேசில் விடாது. தூளைச் செய்யும்போது மிகச் சிறிய அளவில் அது கலந்துவிட்டாலும், தங்கத்தின் எந்தப் பக்கம் மூடுவது, எந்தப் பக்கம் திறப்பது என்ற ஒழுங்கு குழம்பிவிடும். நீளாது, உருண்டுவிடும். வெளிநாட்டில் இதே சிக்கலில் தலையைப் பிய்த்தவர்கள் இதை முன்னமே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். நான் தேடியபோது ஒரே பின்னேரத்தில் கிடைத்தது. உன்னை விசாரித்த மூன்று பேரில் ஒருவர்கூடத் தேடவில்லை. நானும்தான் தேடவில்லை.

கண்டியில் வேலை செய்யும் நம் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் வேறு கம்பனிச் சீடாப்பில் கொஞ்சம் கேட்டேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பஸ்ஸில் அனுப்பினாள். ஒருவரும் வராத ஒரு காலையில், உன் குறிப்பின்படி மூன்று குடுவை வைத்தேன். ஒன்றில் கண்டித் தூள். ஒன்றில் நம் புதுப் போத்தல். மூன்றாவதில் கண்டித் தூளோடு, நானே வேண்டுமென்று கலந்த மிகச் சிறிது அயடைட்டு.

முதலாவது மண்ணிறமும் நாவல் நிறமுமாக எழும்பியது. இரண்டாவது சிவப்பு. மூன்றாவது சிவப்பு.

நான் அழவில்லை. கருவியில் வைத்துக் கோடுகளை எடுத்தேன். நான்கு நாள் திரும்பத் திரும்பச் செய்தேன். நான்கு நாளும் அதேதான். ஐந்தாம் நாள் தாள்களை ஒன்றாகக் கட்டினேன்.

பேராசிரியரிடம் கொண்டு போனேன். தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மனுஷனாக உடைந்து ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"நல்ல வேலை றிஸ்மியா. மிகவும் ஒழுங்காகச் செய்திருக்கிறீங்க. இதைக் கட்டுரையாக எழுதலாம். உங்கள் பெயரை முதலில் போடுவோம்."

"இதக் கண்டுபிடிச்சது பர்ஹானா, சேர். அவட பொத்தகத்தில இரிக்கி. நான் சோதிச்சது மட்டும்தான்."

"ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும்தானே இருக்கிறது. அவங்களுடைய பெயரில் விசாரணை நடந்தது. அந்தப் பெயரைப் போட்டால் சிக்கல் வரும்."

"விசாரணையில அவ குற்றமில்ல எண்டு எழுதுங்க சேர்."

"என்னவென்று எழுதுவது? குற்றம் என்றும் நாங்கள் எழுதவில்லையே. சம்பந்தப்பட்டவர் காலமானதால் விசாரணைக் கோவை மூடப்பட்டது. மூடின கோவையைத் திறக்க இடமில்லை."

அதுதான் பர்ஹானா நடந்தது. உன்னைக் குற்றவாளி என்று யாரும் எழுதவில்லை. அதனால் உன்னைக் குற்றமற்றவள், சுற்றவாளி என்று எழுதவும் தேவையில்லையாம்.

உண்மையைச் சொல்லாத வாயால் நான் செய்த கேட்டை எழுதித்தான் தீர்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. குழுவுக்கு நான் சொன்ன சாட்சியம் பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இரண்டு முடியையும் ஆறு தடவை என் கையாலேயே எடுத்தேன் என்றும், கருவியின் பதிவில் அந்தத் தேதிகள் இருக்கின்றன என்றும் எழுதினேன். பணிப்பாளர் வாசித்துவிட்டு, "பொய் சாட்சி சொன்னதாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். உங்களை எப்படி நாங்கள் வைத்திருப்பது?" என்றார். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த மாதத்தோடு வேலை முடிந்தது. இப்போது கல்முனையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன்.

அதன்பிறகுதான் மாமியிடம் போனேன். போகாமல் இருக்க நூறு காரணம் தேடினேன்.

மாமி குசினியில் இருந்தா. மாமா வயலுக்குப் போயிருந்தார். மூன்று குடுவை பற்றியும் சொன்னேன், அயடைட்டைப் பற்றியும் சொன்னேன். உங்கட மகள் பொய் சொல்லவில்லை, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன் என்றேன். அதைச் சொல்லும்போது, அல்லாஹ் அறிவான், எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. நான் ஏதோ கொண்டு வந்து கொடுக்கிறேன் என்பது போல.

மாமி கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, "அவ பொய் சொல்லல்ல எண்டு அறியிறதுக்கு எனக்கு மூணு குடுவ தேவல்ல புள்ள. நான் பெத்தவ" என்றா.

"ஓம் மாமி."

"அண்டைக்கு ஒன்னட்டக் கேட்டாங்களாமே. நீ என்ன சொன்ன?"

அவவுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நீயாக இருக்குமோ? ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொன்னாயோ? நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். நிச்சயமாகச் சொல்லேலாது என்று சொன்னேன் என்றேன்.

அடுப்பில் கறி அடிப்பிடித்து மணத்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

"என்னட்ட வந்து என்ன பிரயோசனம்?" என்றா கடைசியில். "என்ட மகளக் கள்ளி எண்டு சொன்ன வாய் எத்தின? நீ வாயப் பொத்தினதால தானே அத்தின வாயும் துறந்த. அத்தின பேருட்டயும் போய்ச் சொல்லு. சொல்லி முடிச்சா இஞ்ச வா. அதுமட்டும் வராத."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழும்பி வெளியே வந்தேன். வேலி ஓரத்தில் உன் தங்கை ஸஹ்னா பாடசாலைப் பையோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எனக்கு ஸலாம் சொல்லவில்லை. உயர்தரத்துக்கு அவள் விஞ்ஞானப் பிரிவு எடுக்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம். ஒன்று போதும் என்றாராம். அவள் கேட்காமல் உன் பழைய இரசாயனப் புத்தகங்களைத் தன் அறைக்குள் எடுத்து வைத்திருக்கிறாளாம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

மற்றச் செய்திகள் சொல்ல அதிகமில்லை. இந்தப் போகம் மழை பிந்தியது. மாமா வயலுக்குப் போகிறார், வருகிறார், ஆளோடு கதைப்பது குறைவு. பேராசிரியர் தன் கதவிலிருந்து படத்தைக் கழற்றிவிட்டார். ஒட்டின இடத்தில் பசை அடையாளம் மட்டும் இருக்கிறது என்று அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒன்று சொன்னது. நுளம்புக்குப் புகை அடிக்க மாநகரசபை ஆட்கள் இந்தக் கிழமை நம் தெருவுக்கு வந்தார்கள்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும், அல்லாஹ்கூட அதை அவரிடமே விட்டுவிடுகிறான் என்று சின்ன வயதில் நாம் மதரசாவில் ஒன்றாக இருந்து படித்தோம். நீ இல்லாத இடத்தில் நான் யாரிடம் கேட்க? உன் ஹக்கு, உனக்கு நான் தீர்க்க வேண்டிய கடன், என் கழுத்தில் கிடக்கிறது. அதோடுதான் நடக்கிறேன்.

மாமி சொன்னதைத் தொடங்கிவிட்டேன். அந்தக் கல்யாண வீட்டில் உன்னைப் பற்றிப் பேசின அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிளேன்டீ தந்து அனுப்பிவிட்டா. பரவாயில்லை, மறுபடி போவேன். குழுவின் மூன்று பேருக்கும் இந்தக் கடிதத்தின் பிரதி வரும் திங்கட்கிழமை போகும். பதில் வராவிட்டால் நேரில் போவேன். அயடைட்டைப் பற்றி எழுதிய கட்டுரையை, உன் பெயரை முதலில் போட்டு, உன் கடைசிப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து, வேறிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் இன்னோரிடம். ஸஹ்னா விரும்பினால் அவளுக்கு இரசாயனம் சொல்லிக் கொடுப்பேன். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லையென்றால் வேறு ஆளைத் தேடிக் கொடுப்பேன்.

மறுமையில் நீ என்னைக் கண்டு பிடித்து நிறுத்துவாய். என்ன நடந்தது என்று உன் வாயால் கேட்பாய். அன்றைக்கு நான் தலையைக் குனியாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல் சொல்வேன். அது வரைக்கும் இங்கே இருக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உனக்கு எதிராகச் சாட்சி சொன்ன,
உன் மாமா மகள்,
உன் மச்சி
றிஸ்மியா
கல்முனை